சீட்டு வாங்காத விருந்தாளிகள்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்கிழக்கு மூலையில், புளோரிடா மாகாணத்தின் நடுப்பகுதியில், ஆர்லாண்டோ நகரத்துக்குத் தென்மேற்கே பரந்து கிடக்கும் வால்ட் டிஸ்னி வோர்ல்ட் என்னும் உல்லாச ராஜ்யத்துக்கு ஆண்டுதோறும் கோடிக்கணக்கில் ஜனங்கள் வந்து குவிகிறார்கள். அவர்களுக்கு நடுவே ஒரு சிறு கூட்டத்தார், அங்குள்ள ஹோட்டல்களில் குடும்பத்தோடு நாலைந்து நாள் தங்கி, நீச்சல் குளத்தில் ஆடி, படகேறி, ஏரிக்கரை மணலில் உட்கார்ந்து இரவு வாணவேடிக்கையையும் பார்த்துவிட்டு, எந்தப் பூங்காவின் வாசலையும் மிதிக்காமலே ஊர் திரும்புகிறார்கள். கேட்கிறவர்களுக்கு இது திருப்பதி வரை போய்ப் பெருமாளைச் சேவிக்காமல் வந்த கதையாகத்தான் படும். ஆனால் அவ்விடத்தின் பூர்வ சரித்திரத்தைச் சற்றுப் புரட்டிப் பார்த்தால், இந்த விருந்தாளிகள் சம்பிரதாயத்தை மீறியவர்கள் அல்லர் என்பதும், அந்த ராஜ்யத்துக்கு அஸ்திவாரம் போட்டவர்களே இவர்களுக்கென்று தாராளமாக இடம் ஒதுக்கி வைத்திருந்தார்கள் என்பதும் விளங்கும்.

புளோரிடாவில் ஹோட்டலே பிரயாணத்தின் முடிவிடமாக இருந்த வழக்கம் டிஸ்னிக்கு மிகவும் முற்பட்டது. ராக்பெல்லரோடு சேர்ந்து ஸ்டாண்டர்ட் ஆயில் கம்பெனியை ஸ்தாபித்த ஹென்றி பிளாக்லர் என்ற கோடீசுவரர், 1888ஆம் ஆண்டில் செயின்ட் அகஸ்டின் நகரத்தில் போன்ஸ் டி லியோன் என்னும் அரண்மனை போன்ற ஹோட்டலையும், 1894இல் பாம் பீச்சில் ராயல் பாயின்சியானா என்னும் பிரம்மாண்டமான மரக்கட்டட ஹோட்டலையும் திறந்து, தம்முடைய ரயில் பாதையையும் கூடவே தெற்கு நோக்கி நீட்டிக்கொண்டு போனார். வடக்கே பனி கொட்டும் மாதங்களில் அந்த ரயிலில் வந்து இறங்கிய சீமான்களும் சீமாட்டிகளும் புளோரிடாவில் தரிசிக்க வேண்டிய ஸ்தலம் என்று எதையும் தேடி வரவில்லை. தாழ்வாரத்து நாற்காலியில் சாய்ந்து வெயில் காய்வதும், சாயங்காலத்தில் வாத்திய கோஷ்டியின் சங்கீதம் கேட்பதும், விருந்து மண்டபத்தில் ஒருவர் ஆடையை ஒருவர் பார்ப்பதுமே அவர்கள் வந்த காரியம். செல்வந்தர்களுக்கு மட்டுமே உரியதாக இருந்த இந்தச் சோம்பல் இன்பத்தை, தொழிற்சாலைக் குமாஸ்தாவும் பள்ளிக்கூட வாத்தியாரும் தம் குழந்தை குட்டிகளோடு அனுபவிக்கும்படி செய்தது பிற்காலத்து விசேஷம். அதற்குக் கலிபோர்னியாவில் நேர்ந்த ஒரு மனஸ்தாபமே தூண்டுகோலாயிற்று.

1955ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் தேதி கலிபோர்னியாவின் அனஹைமில், ஆரஞ்சுத் தோட்டமாக இருந்த 160 ஏக்கர் நிலத்தில் டிஸ்னிலாண்டைத் திறந்தபோது, வால்ட் டிஸ்னியின் கையிருப்பு முழுதும் பூங்காவிலேயே கரைந்துவிட்டபடியால், ஹோட்டல் கட்ட அவரிடம் பணம் இல்லை. எண்ணெய்க் கிணறுகளும் டெலிவிஷன் நாடகத் தயாரிப்பும் கைவசம் வைத்திருந்த ஜாக் ராதர் என்ற நண்பரைக் கெஞ்சிக் கூத்தாடி, நீண்ட காலக் குத்தகைக்கு உரிமை கொடுத்து, அவரைக்கொண்டு கட்டுவித்ததே அந்த ஆண்டு அக்டோபரில் திறந்த டிஸ்னிலாண்ட் ஹோட்டல். பூங்கா பேரும் புகழும் பெற்றதும் அந்த ஹோட்டலில் காசு மழை பெய்தது. பெய்த மழையெல்லாம் ராதரின் பாத்திரத்திலே விழுந்தது. (அந்த ஹோட்டலை டிஸ்னி கம்பெனி விலைக்கு வாங்கியது 1988இல்தான்.) அதுகூடப் பெரிதல்ல. பூங்காவைச் சுற்றி நாலாபுறமும் மலிவான மோட்டல்களும் கண்ணைக் கூசவைக்கும் விளக்குப் பலகைகளும் முளைத்து, வால்ட் டிஸ்னி சிருஷ்டித்த கற்பனை லோகத்தை மதில் சுவர் வரைக்கும் வந்து நெருக்கிக்கொண்டு நின்றது அவருக்குப் பொறுக்க முடியாத வேதனையாக இருந்தது. மறுபடி ஒன்று கட்டுவதானால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை நிலம் நம்முடையதாக இருக்க வேண்டும் என்ற சங்கற்பம் அங்கேதான் பிறந்தது.

1963 நவம்பரில் வால்ட் டிஸ்னி விமானத்தில் ஏறிப் புளோரிடாவின் சதுப்பு நிலங்களை மேலிருந்து பார்வையிட்டார்; அன்று மாலை திரும்பும் வழியில்தான் ஜனாதிபதி கென்னடி சுட்டுக் கொல்லப்பட்ட செய்தி அவருக்கு எட்டியது. பிறகு வெவ்வேறு பெயருள்ள பொய்க் கம்பெனிகளின் மறைவில், விற்பவனுக்கு வாங்குபவன் யார் என்று தெரியாதபடி, சராசரி ஏக்கருக்கு 200 டாலருக்கும் குறைந்த விலையில் சுமார் 27,400 ஏக்கர் நிலத்தைச் சேகரித்தார்கள். 1965 அக்டோபரில் உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று குட்டை உடைத்ததும், மிச்சமிருந்த நிலத்தின் விலை விண்ணை முட்டியது. நிலம் வந்தது, நிலத்துக்கு உடையவர் நிலைக்கவில்லை. 1966 டிசம்பர் 15ஆம் தேதி வால்ட் டிஸ்னி காலமானார். ஓய்வு பெறும் தறுவாயில் இருந்த தமையனார் ராய் டிஸ்னி அந்த ஓய்வைத் தள்ளிவைத்து, தம்பியின் பெயர் முழுதும் விளங்கும்படி வால்ட் டிஸ்னி வோர்ல்ட் என்றே அதற்கு நாமகரணம் செய்து, 1971 அக்டோபர் 1ஆம் தேதி திறந்து வைத்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் அவரும் மறைந்தார். தம்பிக்கு இருந்த கற்பனை தமையனுக்கு இல்லை என்று சொல்வது வழக்கம். கணக்குப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு காரியத்தைக் கரை சேர்ப்பதற்கும் கற்பனை வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

திறப்பு விழாவன்று அங்கே ஒரு பூங்காவும், இரண்டு ஹோட்டல்களும், இரண்டு கோல்ப் மைதானங்களும், ஒரு பெரிய ஏரியும், அதையொட்டி வெட்டிய ஒரு காயலும் இருந்தன. விளம்பரங்கள் அதைப் பூங்கா என்று கூறவில்லை. உலகத்துக்கே ஒரு விடுமுறை ராஜ்யம் என்று கூறின. அது வெறும் வாய்ச்சவடால் அல்ல என்பதற்கு ஏரியே சாட்சி. பே லேக் என்னும் இயற்கை ஏரியின் தண்ணீரை முழுதும் இறைத்து, அடியில் கறுத்துக் கிடந்த சேற்றை வாரியபோது, கீழே வெள்ளை வெளேரென்ற மணல் தென்பட்டது. அதை எடுத்துக் கரையெங்கும் பரப்பினார்கள். பூங்காவுக்கு எதிரே, சுமார் 200 ஏக்கர் விஸ்தீரணத்துக்குச் செவன் சீஸ் லகூன் என்ற காயலைத் தோண்டி, தோண்டிய மண்ணைக் கொண்டே பூங்காவின் தரைமட்டத்தை உயர்த்தினார்கள். பனாமா கால்வாய்ப் பிரதேசத்தின் கவர்னராக இருந்த ஜெனரல் ஜோ பாட்டரும், கடற்படையில் அட்மிரலாக இருந்த ஜோ பௌலரும் இந்த நீர்வேலைகளை மேற்பார்வை செய்தவர்கள். ஒரு பொம்மை ஊருக்குத் தண்ணீர் கட்ட இத்தனை பெரிய உத்தியோகஸ்தர்கள் தேவைப்பட்டார்கள்!

இரண்டு ஹோட்டல்களுள் கண்டெம்ப்பரரி என்பது, இரு கைகளையும் கூப்பி வைத்தாற்போல் சரிந்த சுவர்களையுடைய உருக்குக் கட்டடம். அதன் அறைகளைச் சில மைல் தொலைவில் இருந்த தொழிற்சாலையில் ஒவ்வொன்றாக, ஸ்நான அறையும் குழாயும் உட்படப் பூர்த்தி செய்து, லாரியில் கொண்டுவந்து, கிரேனால் தூக்கி, உருக்குச் சட்டத்துக்குள் செருகினார்கள். யுனைட்டட் ஸ்டேட்ஸ் ஸ்டீல் கம்பெனி தன்னுடைய சரக்கின் மகிமையை ஊரறியக் காட்டுவதற்குச் செய்த வித்தை அது. நினைத்தபடி செலவு குறையவில்லை. கட்டடத்தின் வயிற்றுக்குள்ளே புகுந்து மறுபுறம் வெளிவருகிறது மோனோரெயில் என்னும் ஒற்றைத் தண்டவாள வண்டி. கீழே காப்பி குடித்துக்கொண்டிருப்பவர் தலைக்கு மேல் ரயில் ஓடுவதைக் காணலாம். நடுக்கூடத்தில் 90 அடி உயரத்துக்கு எழும்பி நிற்கும் ஓட்டுச் சித்திரம் மேரி பிளேர் என்ற ஓவியப் பெண்மணி வரைந்தது. அதில் உள்ள ஆடுகளுள் ஒன்றுக்கு ஐந்து கால்கள். மோனோரெயில் பக்கத்து முகத்தில் அந்த ஆட்டைத் தேடிக் கண்டுபிடிப்பது, அங்கே தங்கும் குழந்தைகளுக்குத் தலைமுறை தலைமுறையாக இருந்துவரும் விளையாட்டு. இதற்குச் சீட்டு வேண்டியதில்லை. 1973 நவம்பரில் பத்திரிகை ஆசிரியர்கள் மாநாட்டில் ஜனாதிபதி நிக்ஸன், தாம் மோசக்காரர் அல்லர் என்று பிரகடனம் செய்ததும் இதே ஹோட்டலில்தான் என்பதை உபகதையாகச் சொல்லிவைக்கலாம்.

பாலினீஷியன் என்ற மற்றொரு ஹோட்டல், தென்கடல் தீவுகளின் சாயலில், தாழ்ந்த கூரையும் தென்னையும் தீவட்டியுமாகக் காயல் கரையில் அமைந்தது. அசல் தீவுகளைக் கண்டவர்கள் இதைப் பார்த்துப் புன்னகை செய்வார்கள்; அந்த ஆட்சேபம் நியாயமானதே. என்றாலும் அதன் மணற்கரையில் சாய்மான நாற்காலியைப் போட்டுக்கொண்டு, காயலுக்கு அப்பால் பூங்காவிலுள்ள சிண்டரெல்லா கோட்டையின் மேல் வெடிக்கும் வாணங்களைப் பார்ப்பதில் ஒரு சுகம் உண்டு. அங்கே உள்ளே நெருக்கியடித்து நிற்பவர்களுக்கு வாணம் மட்டும் தெரியும். இங்கே வாணமும் தெரியும், தண்ணீரில் அதன் நிழலும் தெரியும். தொடக்க காலத்தில் டிக் நூனிஸ் என்ற அதிகாரி, அலைமேல் பலகை ஏறி விளையாடும் ஆசையினால், காயலில் செயற்கை அலை எழுப்பும் இயந்திரம் ஒன்றைப் பொருத்தினார். அலை எழும்பியது, எழும்பிய அலை கஷ்டப்பட்டுக் கொட்டிய மணலையெல்லாம் அரித்துக்கொண்டு போயிற்று, இயந்திரத்தை நிறுத்திவிட்டார்கள். 1974 டிசம்பரில் இந்த ஹோட்டலில் மகனோடு தங்கியிருந்த ஜான் லெனான், பீட்டில்ஸ் கோஷ்டியைச் சட்டப்படி கலைக்கும் பத்திரத்தில் கையெழுத்திட்டதும் இங்கேதான்.

இந்தக் காயலில்தான் 1971 அக்டோபரில் தொடங்கியது, சீட்டு வாங்காத விருந்தாளிகளின் பிரத்தியேக உற்சவம் என்று சொல்லத்தக்க மின்விளக்குத் தெப்பம். நன்றாக இருட்டிய பிறகு, 14 மிதவைகள் இரண்டு வரிசையாகக் கரையோரம் மெதுவாக நகர்ந்து வருகின்றன. மிதவையின் மேல் நிறுத்திய சட்டங்களில் சிறு விளக்குகளைக் கோத்துக் கடற்பாம்பும், தண்ணீர் பீய்ச்சும் திமிங்கிலமும், ஆமையும், எட்டுக்கால் பிராணியும் வரைந்திருக்கிறார்கள். விளக்குகள் மாறி மாறி எரிவதனால் பாம்பு நெளிகிறது, ஆமை தலையை நீட்டுகிறது. ஒலிபெருக்கியில் துள்ளலான மின் இசை ஒலிக்கிறது. கடைசியில் கொடியும் நட்சத்திரங்களும் தோன்றித் தேசபக்திப் பாடல்கள் முழங்குகின்றன. ஒரு ஹோட்டல் கரையிலிருந்து மறு ஹோட்டல் கரைக்கு ஊர்வலம் போய்க்கொண்டே இருக்கிறது. பூங்காவுக்குள்ளே நடக்கும் காட்சிகளின் தந்திர சாமர்த்தியத்தோடு ஒப்பிட்டால் இது பழம் பாணி, எளிய வேலை. அந்த எளிமையினால்தானோ என்னவோ, அரை நூற்றாண்டுக்குப் பின்னும் ஜனங்கள் போர்வையைச் சுற்றிக்கொண்டு கரைக்கு வந்து காத்திருக்கிறார்கள்.

1971 நவம்பரில் திறந்த போர்ட் வில்டர்னஸ் என்ற கூடார வனம் எனக்கு எல்லாவற்றினும் பிரியமான அத்தியாயம். பைன் மரக்காட்டுக்குள் சுமார் 750 ஏக்கர் பரப்பில், கூடாரம் அடிப்பவர்களுக்கும், வீட்டு வண்டியைக் காரின் பின்னால் கட்டி இழுத்து வருபவர்களுக்கும் இடம் பிரித்து, தண்ணீரும் மின்சாரமும் கொடுத்தார்கள். மாலையில் நடுவே நெருப்பு மூட்டி, சிப், டேல் என்னும் இரண்டு அணில் வேஷங்கள் வந்து ஆட, குழந்தைகள் குச்சியில் மார்ஷ்மெலோ மிட்டாயைச் செருகி வாட்டித் தின்றுகொண்டே பாடுவார்கள்; பிறகு திறந்தவெளியில் டிஸ்னி சினிமா காட்டுவார்கள். 1974 முதல் அங்கே நடந்துவரும் ஹூப் டீ டூ என்னும் இரவு விருந்தில், பொரித்த கோழியைச் சிறு வாளிகளில் கொண்டுவந்து மேஜைமேல் வைப்பதும், நடிகர்கள் மேடையில் கோமாளிக் கூத்தடிப்பதும், சாப்பிடுகிறவர்கள் கைத்துணியைத் தலைக்கு மேல் சுழற்றுவதும் மாறாத சடங்குகள். 1976இல் ஏரிக்கரையில் ரிவர் கன்ட்ரி என்ற நீர் விளையாட்டிடமும் ஏற்பட்டு, 2001 வரை நடந்து மூடப்பட்டது. ஆண்டு தவறாமல் இவ்வனத்துக்கு வந்து, கிறிஸ்துமஸ் காலத்தில் தங்கள் இடத்தையும் கோல்ப் வண்டியையும் தோரணங்களாலும் விளக்குகளாலும் ஜோடித்து, மற்றவர்கள் ஜோடித்ததைச் சுற்றிப் பார்த்துக்கொண்டே விடுமுறையைக் கழித்துவிடும் குடும்பங்கள் உண்டு. பூங்காவை மறந்த விருந்தாளிகளுக்கு முன்னோடிகள் இந்தக் கூடாரவாசிகளே.

காயலைச் சுற்றி ஆசிய பாணியிலும், வெனிஸ் நகர பாணியிலும், பாரசீக பாணியிலும் இன்னும் மூன்று ஹோட்டல்கள் எழுப்புவதாக இருந்த திட்டம், 1973இல் வந்த எண்ணெய்த் தட்டுப்பாட்டில் மூழ்கிப்போயிற்று. 1975இல் லேக் பூனா விஸ்டாவில் நுழைவுக் கட்டணமில்லாத ஒரு கடைவீதியைத் திறந்தார்கள். பெயர் பல முறை மாறி 2015இல் டிஸ்னி ஸ்பிரிங்ஸ் ஆனது அதுவே.

1984இல் மைக்கேல் ஐஸ்னர் டிஸ்னி கம்பெனியின் தலைமைக்கு வந்த பிறகு ஹோட்டல் கட்டும் வேகம் பிறந்தது. கம்பெனியின் நிலம் காடாகக் கிடக்க, வேலிக்கு வெளியே பிறர் ஹோட்டல் கட்டிச் சம்பாதிப்பதை அவர் விரும்பவில்லை. அனஹைமின் பழைய காயம் அது. ஆசிய ஹோட்டலுக்கென ஒதுக்கிய இடத்தில் 1988இல் கிராண்ட் புளோரிடியன் எழுந்தது. வெள்ளைச் சுவரும் சிவப்புக் கூரையும் நீண்ட தாழ்வாரங்களுமாக, பிளாக்லர் காலத்துக் கடற்கரை மாளிகைகளின் மறுபிறவி அது என்றே சொல்லலாம். கூடத்தில் பியானோ வாசிக்கிறார்கள். 1999 முதல் பல கிறிஸ்துமஸ் காலங்களில் அங்கே ஆள் நுழையும் அளவுக்கு இஞ்சி ரொட்டியால் ஒரு வீடு கட்டி, அதன் ஜன்னல் வழியாகப் பட்சணம் விற்றிருக்கிறார்கள். மைக்கேல் கிரேவ்ஸ், ராபர்ட் ஸ்டெர்ன் முதலான பிரபல கட்டடச் சிற்பிகளை வரவழைத்து, ஹோட்டலைப் படுக்கைக்கூடமாக அல்லாமல் காட்சிப் பொருளாகவே கட்டச் சொன்னார் ஐஸ்னர். ஸ்டெர்ன் நிர்மாணித்த யாட் கிளப், பீச் கிளப் ஹோட்டல்களின் நீச்சல் குளத்துக்கு அடித்தரையே மணல்தான்.

ஆனால் பீட்டர் டொமினிக் என்ற சிற்பி செய்தவை தனிச் சிறப்புடையவை. 1994இல் திறந்த வில்டர்னஸ் லாட்ஜ், எல்லோஸ்டோன் தேசிய வனத்திலுள்ள பழைய மரவிடுதியை நினைவூட்டுவது. நடுக்கூடத்தில் 82 அடி உயரமுள்ள கணப்புத் தூண் நிற்கிறது. அதன் கற்களை, கிராண்ட் கான்யன் பள்ளத்தாக்கின் பாறை அடுக்குகள் எந்த வரிசையில் எந்த நிறத்தில் உள்ளனவோ அதே வரிசையில் அடுக்கியிருக்கிறார்கள். அடியிலிருந்து நுனிவரை கண்ணை ஓட்டினால் பூமியின் பிராய சரித்திரத்தில் ஒரு பெரும் பகுதியைப் படித்ததாகும். கூடத்தினுள்ளேயே ஊற்றாகக் கிளம்பும் நீர், வாசலைத் தாண்டி ஓடையாகி, அருவியாக விழுந்து நீச்சல் குளத்தை நோக்கிப் போவதுபோல் அமைத்திருக்கிறது. 2001இல் அவரே அமைத்த அனிமல் கிங்டம் லாட்ஜ், ஆப்பிரிக்க மாட்டுப்பட்டி போல் வளைந்து, நடுவில் புல்வெளியை அணைத்துக்கொண்டிருக்கிறது. காலையில் புல்வெளிப் பக்கத்து அறையின் முகப்புக் கதவைத் திறந்தால் ஒட்டகச்சிவிங்கி இலை மேய்ந்துகொண்டிருக்கும், வரிக்குதிரை நிற்கும். அதன் ஒரு பகுதியில் உள்ள சனா என்ற போஜன சாலையில் நான் என்னும் ரொட்டி முதலான வகைகளையும், தொட்டுக்கொள்ள மாம்பழச் சட்னி, தயிர்ப் பச்சடி உள்பட ஒன்பது கிண்ணங்களையும் பரிமாறுகிறார்கள். இந்து மகா சமுத்திரத்தின் இரு கரைகளையும் இணைத்த பழைய வியாபாரத்தின் ருசி, இப்படிப் புளோரிடாக் காட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ஜன்னலோரத்து மேஜை கிடைத்தவர்கள் ரொட்டியை மறந்துவிட்டு மான்களைப் பார்த்துக்கொண்டிருப்பதும் உண்டு.

ஹோட்டல்கள் இவ்வாறு வளர்ந்துகொண்டிருந்த காலத்திலேயே பூங்காக்களும் 1982இலும் 1989இலும் 1998இலும் ஒவ்வொன்றாகப் பெருகி நான்காயின. திறப்பு விழாக் காலத்தில் மூன்றரை டாலர் கொடுத்து உள்ளே போய், சவாரிகளுக்குத் தனித்தனிச் சீட்டைக் கிழித்துக் கொடுத்து, அலுத்தால் ஏரிக்குத் திரும்பிவிடலாம். 1982இல் சவாரிச் சீட்டுப் புத்தகம் ஒழிந்து, ஒரே கட்டணத்தில் எல்லாம் என்ற ஏற்பாடு வந்தது. 2015இல் ஒரு நாள் கட்டணம் 100 டாலரைத் தாண்டியது. அவ்வளவு கொடுத்தவன் ஒரு நிமிஷத்தையும் வீணாக்கத் துணிவானா? விடியுமுன் எழுந்து, குழந்தைகளை அரைத் தூக்கத்தில் தள்ளுவண்டியில் வைத்து ஓட்டி, நள்ளிரவில் காலைத் தேய்த்துக்கொண்டு திரும்பும் விடுமுறை அப்படித்தான் பிறந்தது. பெரும்பணம் கொடுத்து எடுத்த அறையில் குளித்துப் படுப்பதைத் தவிர வேறொன்றும் செய்ய நேரமில்லை என்பது பரிதாபந்தான்.

இதற்கு மாற்று வழி கண்டவர்களுள் பெரும்பங்கு, 1991இல் கம்பெனி தொடங்கிய வெகேஷன் கிளப்பின் அங்கத்தினர்களுக்கு உண்டு. ஆண்டுக்குச் சில நாள் தங்கும் உரிமையைப் பல ஆண்டுகளுக்கு முன்கூட்டியே விலைக்கு வாங்கியவர்கள் அவர்கள். பல முறை பார்த்த பூங்காவை மறுபடி பார்த்தே தீர வேண்டிய அவசரம் அவர்களுக்கு இல்லை. தொட்டிலில் வந்த குழந்தை கல்லூரிக்குப் போய்விட்டது. தாத்தாவுக்கு வெயிலில் வரிசையில் நிற்கத் திராணியில்லை. ஆகவே ஹோட்டலே போதும் என்றார்கள். கம்பெனிக்கும் இதில் நஷ்டமில்லை: சீட்டு வாங்காதவனும் சாப்பிடுகிறான், படகு வாடகைக்கு எடுக்கிறான், பொம்மை வாங்குகிறான். 2019இல் ஆகாயக் கம்பியில் தொங்கிச் செல்லும் ஸ்கைலைனர் வந்தபோது, ஹோட்டலுக்கு ஹோட்டல் போய்வருவதே ஒரு சவாரியாகிவிட்டது.

குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. அறை வாடகை நடுத்தரக் குடும்பத்துக்குச் சுலபமானதல்ல. வேலிக்கு வெளியே அதில் சிறு பகுதிக்கு அறை கிடைக்கும். வெள்ளை மணல் பரப்பிய கரைகளில் இப்போது நீரில் இறங்கவும் கூடாது. 2016 ஜூன் மாதத்தில் காயல் கரையில் ஒரு சிறு குழந்தையை முதலை இழுத்துச் சென்ற கோர சம்பவத்துக்குப் பிறகு, நீரோரமெங்கும் பாறைச் சுவரும் கயிறும் எச்சரிக்கைப் பலகையும் வந்துவிட்டன. சதுப்பு நிலத்தை மணற்கரையாக்கியவர்கள் அந்தச் சதுப்பின் பூர்வ குடிகளை அப்புறப்படுத்திவிட முடியவில்லை.

வயதான பெற்றோரை இங்கிருந்து அழைத்துக்கொண்டு போய் அந்தப் பக்கம் காட்ட நினைக்கும் நம்மவர்கள், நான்கு நாளும் நான்கு பூங்கா என்று திட்டம் போடுவதை விட்டு, ஒரு நாளையாவது சீட்டில்லாமல் கழிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். மோனோரெயிலுக்கும், ஏரிப் படகுக்கும், ஸ்கைலைனருக்கும் இன்றும் கட்டணம் கிடையாது. டிஸ்னி ஸ்பிரிங்ஸ் கடைவீதியில் வண்டி நிறுத்தவும் காசு கொடுக்க வேண்டாம். நீச்சல் குளங்கள் மட்டும் அந்தந்த ஹோட்டலில் தங்குகிறவர்களுக்கே உரியவை. சனாவில் ஜன்னலோரத்து மேஜை வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லிவைத்துக்கொள்ள வேண்டும்.